வீட்டில் வைஃபை இல்லையா? இருந்தாலும் ஓன் பண்ணுங்கள்

மாசியில் காமன் கூத்து முடிந்ததும், கொழும்புக்குத் திரும்பும் பிள்ளைகள் பஸ் ஏறுவதற்கு முன் கேட்பது வீடியோவைத்தான். பக்கத்திலேயே நிற்கிறவருக்கு வட்ஸ்அப்பில் அனுப்பினால் ரீலோட் பண்ணிய டேட்டாவும் போகும், படத்தின் தெளிவும் போகும். தோட்டத்து லயத்துக்குள் (வரிசை வீடுகளுக்குள்) சிக்னல் ஒரு கோடு காட்டும் இடத்தில் அது போய்ச் சேருவதே பெரிய விஷயம்.

அதற்காகப் புளூடூத்தில் அனுப்புவதும் சரியில்லை. அதன் வேகம் செக்கனுக்கு ஏறக்குறைய 2 மெகாபிட்தான். 1 ஜிபி வீடியோவுக்கு ஒரு மணித்தியாலத்துக்கு மேல் பிடிக்கும். அதற்குள் பஸ் ஹட்டனைத் தாண்டிவிடும். பாட்டு, பிடிஎஃப் என்றால் பரவாயில்லை.

அண்ட்ரோய்ட் போன்களில், பக்கத்துப் போனுக்கு ஃபைல் அனுப்பும் குவிக் ஷெயார் இருக்கிறது. நியர்பை ஷெயார் என்று இருந்ததுதான். 2024 ஜனவரியில் சாம்சங்கின் குவிக் ஷெயாரோடு சேர்த்து இந்தப் பெயரைக் கொடுத்தார்கள். இதில்தான் நம் ஆட்கள் அதிகம் தடுக்கி விழுகிறார்கள். "வீட்டில் ரவுட்டர் இல்லையே, வைஃபை எதற்கு?" என்று அதை ஓஃப் பண்ணியே வைத்திருப்பார்கள். குவிக் ஷெயார் பக்கத்துப் போனைத் தேடுவதற்குத்தான் புளூடூத்தைப் பிடிக்கும். பெரிய ஃபைலைக் கடத்துவது இரண்டு போன்களுக்கும் நடுவே நேரடியாக ஏற்படும் வைஃபை இணைப்பு. ரவுட்டரும் வேண்டாம், டேட்டாவும் வேண்டாம், ஆனால் இரண்டு போனிலும் வைஃபை, புளூடூத் இரண்டும் ஓன் ஆகியிருக்க வேண்டும். பழைய போன் என்றால் லொகேஷனையும் போட்டுப் பாருங்கள். போன்கள் ஒன்றையொன்று காணவே மாட்டேன் என்பதற்குப் பெரும்பாலும் இவற்றில் ஒன்றுதான் காரணம்.

"எல்லோருக்கும் தெரியும்படி" என்ற அமைப்பை அப்படியே விட்டுவிடுவது அடுத்த தவறு. டவுன் பஸ் ஸ்டாண்டில் முன்பின் தெரியாதவர் எதையாவது அனுப்பப் பார்ப்பார். 10 நிமிடத்துக்கு மட்டும் என்று வைத்தால் போதும். ஐபோனில் இதே வேலையைச் செய்யும் ஏர்டிரொப்பிலும் அப்படி உண்டு.

ஒரு பக்கம் ஐபோன், மறுபக்கம் அண்ட்ரோய்ட் என்றால் இரண்டிலும் ஃபைல் அனுப்பும் லோக்கல்சென்ட் என்ற ஆப்பைப் போட்டு, அண்ட்ரோய்டின் ஹொட்ஸ்பொட்டில் ஐபோனைச் சேர்க்கலாம். ஹொட்ஸ்பொட் போடும் போனில் மொபைல் டேட்டாவை நிறுத்திவிடுங்கள். இல்லாவிட்டால் வந்து சேர்ந்த போன் அந்த நேரம் பார்த்துத் தன் அப்டேட்டையெல்லாம் இறக்கித் தள்ளும்.

எனக்குக் கவலையெல்லாம் கொமியுனிகேஷன் கடையில் நடப்பதைப் பற்றித்தான். அடையாள அட்டை கொப்பி எடுக்கப் போய், கடைக் கொம்பியூட்டரில் வட்ஸ்அப் வெப்பைத் திறந்து, பிரின்ட் வந்ததும் காசைக் கொடுத்துவிட்டு வந்துவிடுகிறோம். லொக் அவுட் பண்ணாவிட்டால் நம் சாட் முழுவதும் அந்தத் திரையில் திறந்தே கிடக்கும். வீட்டுக்கு வந்த பிறகு நினைவு வந்தாலும், போனில் வட்ஸ்அப்பின் லிங்க்ட் டிவைசஸ் பக்கத்தில் அந்தக் கொம்பியூட்டரை நீக்கலாம். ஆனால் டவுன்லோட்ஸில் விழுந்த அட்டைப் படம் அதனால் அழியாது. அதைக் கடையில் நிற்கும்போதே, ரீசைக்கிள் பின்னிலிருந்தும் சேர்த்து அழித்துத் தரச் சொல்லுங்கள். கூச்சப்பட வேண்டாம்.