தண்டனைக் குறைப்புக்கு அப்பீல்: எங்கே கோட்டை விடுகிறோம்?

கீழ் கோர்ட் தீர்ப்புகளின் கடைசிப் பக்கத்தில் அடிக்கடி இப்படி ஒரு வரி வரும்: ‘தண்டனை குறித்து எதிரியிடம் (அதாவது குற்றம் சாட்டப்பட்டவரிடம்) வினவியபோது, குறைந்தபட்சத் தண்டனை வழங்குமாறு கேட்டுக்கொண்டார்.’ பாலக்கோட்டில் வரப்புத் தகராறில் கொடுவாளை ஓங்கியவருக்கும் அதே வரி, ஓசூரில் குடிபோதையில் கல்லெறிந்த பையனுக்கும் அதே வரி. முதல் தவறு இங்கேதான்.

குற்றம் உறுதியான பிறகு, தண்டனை எவ்வளவு என்பதற்காகவே தனியாக ஒரு விசாரணை உண்டு. முதல் வழக்கா, அடிபட்டவரை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போனது யார், வைத்தியச் செலவு கொடுத்தாயிற்றா என்பதெல்லாம் அன்றைக்கே காகிதத்தோடு கோர்ட்டுக்குள் போக வேண்டும். வயதும் அப்படித்தான். தீர்ப்பு நாளில் 21 நிறையாதவரை, ஆயுள் தண்டனைக்குரிய குற்றமாக இல்லாவிட்டால், காரணம் எழுதாமல் சிறைக்கு அனுப்ப 1958-ம் வருஷத்து நன்னடத்தைச் சட்டம் விடாது. ஆனால் பள்ளிக்கூட டி.சி.யை யாராவது எடுத்து வந்தால்தானே! மேல் கோர்ட்டும் இந்தச் சட்டப்படி உத்தரவு போடலாம். அங்கே போய் முதல் தடவையாகக் கிளப்பினால், ‘கீழே ஏன் சொல்லவில்லை?’ என்ற கேள்விக்கும் பதில் வைத்திருக்க வேண்டும்.

அடுத்தது, அப்பீலைக் கருணை மனுவாக எழுதுவது. சட்டம் வகுத்த எல்லைக்குள் எத்தனை வருஷம் என்பது விசாரித்த நீதிபதியின் விருப்புரிமை. ‘நானாக இருந்தால் ரெண்டு வருஷம்தான் கொடுத்திருப்பேன்’ என்பதற்காக மேல் கோர்ட் மூன்றை இரண்டாக்காது. கவனிக்க வேண்டியதை அவர் கவனிக்கவில்லை, சம்பந்தமில்லாததை வைத்து முடிவெடுத்தார், குற்றத்துக்கு மீறிய தண்டனை: இவற்றில் ஒன்றையாவது காட்ட வேண்டும்.

நம் ஊர் வழக்கே உதாரணம். 2000 பிப்ரவரியில் தருமபுரி பஸ் எரிப்பில் மூன்று மாணவிகள் இறந்தார்கள். மூவருக்கு விதித்த தூக்கை 2010-ல் சுப்ரீம் கோர்ட் உறுதி செய்தது. 2016-ல் மறுஆய்வில் அதே கோர்ட் ஆயுளாகக் குறைத்தது. கும்பல் வெறியில் நடந்தது, மாணவிகளைக் கொல்லும் திட்டம் இல்லை என்பதுதான் வாதம். அந்தத் தீர்ப்பு பிடிக்காதவர்கள் இங்கே நிறையப் பேர். ஆனால் தண்டனை குறைந்தது அழுகையால் அல்ல.

‘அப்பீல் போட்டால் தண்டனை கூடிவிடும்’ என்ற பயம் வேண்டாம். எதிரி போட்ட அப்பீலில் கூட்ட முடியாது. அரசுத் தரப்பு தனி அப்பீல் போட வேண்டும், அல்லது கீழ் கோர்ட் உத்தரவு சரிதானா என்று பார்க்கும் சீராய்வில், நோட்டீஸ் கொடுத்து ஹைகோர்ட் எடுக்க வேண்டும். சட்டமே குறைந்தபட்சத் தண்டனை வைத்துள்ள குற்றத்தில் அதற்குக் கீழே இறக்கக் கேட்பதும் வீண்.

பாதிக்கப்பட்ட தரப்பு செய்யும் தவறு வேறு. தண்டனை போதாது என்று அவர்களே அப்பீல் போட முடியாது, அரசைத்தான் அணுக வேண்டும். இழப்பீடு போதாது என்றால் போடலாம். இழப்பீட்டைச் சின்ன விஷயமாக நினைப்பவர்கள் வாச்சாத்தியைப் பார்க்கட்டும்: தருமபுரி கோர்ட் 2011-ல் தந்த தண்டனைகளை 2023-ல் ஹைகோர்ட் உறுதி செய்தபோது, வன்கொடுமைக்கு ஆளான 18 பெண்களுக்கும் தலா 10 லட்சம் ரூபாய் தரச் சொன்னது.

கெடு: செஷன்ஸ் கோர்ட்டுக்கு 30 நாள், ஹைகோர்ட்டுக்கு 60 நாள். தீர்ப்பு நகல் வாங்கப் பிடித்த நாட்கள் இந்தக் கணக்கிலிருந்து கழியும். நகல் மனுவே போடாமல் வீட்டில் உட்கார்ந்திருந்த நாட்கள் கழியாது.