உவர்க்காற்றில் ஒரு மொறிஸ் மைனர்: பழைய காரை வீட்டிலேயே மெல்லச் சீர்செய்யும் முறை

உவர்மலை, உப்புவெளி என்று ஊர்ப்பெயர்களிலேயே உப்பு இருக்கும் திருகோணமலையில் பழைய காருக்கு முதல் எதிரி கடற்காற்றுதான். அப்பாவின் மொறிஸ் மைனரை வேப்பமரத்தடியிலிருந்து தகரக் கொட்டகைக்குத் தள்ளிக்கொண்டு போய் மூன்று ஆண்டுகள் ஆகின்றன. சம்பளத்தில் மிஞ்சியதைக் கொண்டு, சனி ஞாயிறுகளில் மட்டும் வேலை செய்தேன். இப்போது அது ஓடுகிறது.

1948 முதல் 1971 வரை இங்கிலாந்தில் செய்யப்பட்ட இந்தக் கார் புதிதாகப் பழகுகிறவர்களுக்கு நல்ல ஆசான். பொனட்டைத் திறந்தால் எஞ்சினைச் சுற்றிக் கைவிட இடம் தாராளமாக இருக்கும். உங்களிடம் இருப்பது வேறு கார் என்றாலும் வேலையின் ஒழுங்கு இதுதான்: முதலில் கறள், அடுத்து பிரேக், பிறகு எஞ்சின், கடைசியில் பெயிண்ட். கையில் பணம் குறைவாக இருப்பவர் இந்த ஒழுங்கைக் குலைக்கவே கூடாது.

படி 1: கழற்றுவதற்கு முன்

பதிவுப் புத்தகத்தில் உள்ள செசி இலக்கமும் எஞ்சின் இலக்கமும் காரில் உள்ளவற்றோடு பொருந்துகின்றனவா என்று பாருங்கள். பொருந்தாவிட்டால் அதைத் தீர்க்கும்வரை ஒரு ரூபாயும் செலவிட வேண்டாம். கழற்றும் ஒவ்வொன்றையும் முதலில் படம் எடுங்கள். ஆணிகளை ஜாம் போத்தல்களில் போட்டுப் பெயர் எழுதி ஒட்டுங்கள்.

ஸ்பனர்கள் அங்குல அளவில் இருக்க வேண்டும். அரை அங்குல நட்டில் 12 மி.மீ. ஸ்பனர் நுழையாது, 13 மி.மீ. நுழையும், ஆனால் சற்றுத் தளர்வாக இருக்கும். கறள் இறுகிய நட்டை அதனால் திருகினால் மூலைகள் மழுங்கிவிடும். அதன் பிறகு அதை வெட்டித்தான் எடுக்க வேண்டும்.

படி 2: கறள்

நேரமும் மனமும் அதிகம் தேவைப்படும் இடம் இது. மைனருக்குத் தனிச் சட்டகம் கிடையாது. உடலே பாரத்தைத் தாங்குகிறது. ஆகவே கதவுக்குக் கீழே ஓடும் பெட்டிப் பகுதியையும், பின் வில் (ஸ்பிரிங்) பூட்டப்பட்ட இடங்களையும் ஸ்குரூடிரைவரால் அழுத்திப் பாருங்கள். உள்ளே இறங்கினால் அங்கே இரும்பு இல்லை, பெயிண்ட் மட்டுமே இருக்கிறது. இந்த வெல்டிங்கை அனுபவமுள்ளவரிடமே விடுங்கள். வெட்டுவதற்கு முன் காருக்கு அடியில் சரியான முட்டுக் கொடுத்து, கதவு வாசலுக்குக் குறுக்கே ஓர் இரும்புக் கம்பியைப் பற்றவைக்கச் சொல்லுங்கள். இல்லையென்றால் உடல் தொய்ந்து, பிறகு கதவு மூடாது.

மேலோட்டமான கறளை நீங்களே எடுக்கலாம். கம்பித் தூரிகையால் தேய்த்தபின் தகட்டை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். சிறு குழிகளின் அடியில் கரும்புள்ளி தெரிந்தால் கறள் இன்னும் போகவில்லை. மீண்டும் தேய்த்து, குழாய்நீரால் உப்பைக் கழுவி (உவர்க் கிணற்று நீர் வேண்டாம்), நன்றாக உலர்த்தி, அன்றைக்கே ஈரம் புகவிடாத எபொக்சி பிரைமர் (அடிப்பூச்சு) பூசுங்கள்.

முதல் ஆண்டில் சாதாரண பிரைமர் பூசிவிட்டு, அதுவே போதும் என்று மாரி முழுவதும் விட்டுவைத்தேன். பொங்கலுக்குப் பார்த்தபோது மட்காட் எங்கும் ஊசிமுனை அளவில் செம்புள்ளிகள். அந்த பிரைமர் ஈரத்தை உறிஞ்சும். மேற்பூச்சு இல்லாமல் அது காவல் ஆகாது. இரண்டு மாத உழைப்பை மறுபடி செய்ய வேண்டியதாயிற்று.

படி 3: பிரேக்

ஜக்கை மட்டும் நம்பி ஒருபோதும் காருக்கு அடியில் போகாதீர்கள். உறுதியான ஸ்டாண்டுகளில் காரை நிறுத்துங்கள். மைனரின் மாஸ்டர் சிலிண்டர் (பிரேக் மிதியின் அழுத்தத்தைச் சக்கரங்களுக்கு அனுப்பும் பாகம்) சாரதியின் காலடித் தளத்துக்குக் கீழே ஒளிந்திருக்கிறது. ரப்பர் பாகங்கள் அனைத்தையும் புதிதாக மாற்றுங்கள். பழைய பிரேக் தூளில் அஸ்பெஸ்டஸ் இருக்கலாம். ஊதாமல் ஈரத்துணியால் துடைத்தெடுங்கள். பாகம் வாங்கக் கொழும்பு பஞ்சிகாவத்தைக்குப் போகிறவர்கள் பழையதைக் கையோடு கொண்டுபோக வேண்டும். வாயால் சொல்லி வாங்கியது பாதி நேரம் பொருந்தாது.

படி 4: எஞ்சின்

நெடுநாள் நின்ற எஞ்சினை உடனே ஸ்டார்ட் செய்யாதீர்கள். பிளக்குகளைக் கழற்றி ஒவ்வொரு துளையிலும் சிறிது எஞ்சின் ஒயில் விட்டு ஒரு வாரம் பொறுங்கள். பிறகு முன்புறக் கைப்பிடியால் மெல்லச் சுழற்றுங்கள். டாங்கியில் உள்ள பழைய பெற்றோலை முற்றாக இறக்குங்கள். பற்றரி பூட்டும்போது கவனம்: தொழிற்சாலையிலிருந்து வந்த மைனரில் உடலோடு இணைந்திருப்பது பற்றரியின் நேர்முனை (+). இடையில் யாராவது மாற்றியிருக்கலாம் என்பதால் வயர்களைப் பார்த்து உறுதிசெய்துகொள்ளுங்கள்.

படி 5: பெயிண்ட்

மாரிக்காலமான ஒக்டோபரிலிருந்து ஜனவரி வரை பெயிண்டைத் தொடாதீர்கள். அந்த மாதங்களில் கார்புரேட்டர், டைனமோ, இருக்கைகள் என்று உள்வேலைகளைப் பாருங்கள். கச்சான் காற்று வீசும் காலத்தில் வெயில் நன்றாகக் கிடைக்கும்; புழுதியும் கூடவே வரும். விடிந்ததும் நிலத்துக்கு நீர் தெளித்து, காற்று எழும்புவதற்குள் பூசி முடியுங்கள். நிறத்தை மாற்றினால் பதிவிலும் மாற்ற வேண்டும். பழைய நிறத்தையே வைத்துக்கொண்டால் அந்த அலைச்சல் இல்லை.

கார் ஓடத் தொடங்கியதும் கடற்கரைப் பக்கம் போய் வந்தால், அன்று மாலையே அடிப்பாகத்தை நன்னீரால் கழுவுங்கள். கதவுகளின் அடிவிளிம்பில் நீர் வடியச் சிறு துளைகள் இருக்கும். மாதம் ஒருமுறை ஈர்க்கால் குத்தி அவற்றைத் திறந்துவிடுங்கள்.