வீட்டு வேலை மேசைக்கு வெளிச்சம் அமைப்பது எப்படி?

மாலையானால் கண் எரிகிறதா, நெற்றிப்பொட்டு வலிக்கிறதா? பழியைக் கணினித் திரைமேல் மட்டும் போடாதீர்கள். நம் வீடுகளில் டியூப் லைட் பெரும்பாலும் சுவரின் உச்சியில் இருக்கும். எதிர்ச் சுவரை ஒட்டி மேசையைப் போட்டால் விளக்கு முதுகுக்குப் பின்னால் போய்விடும். நோட்டில் நம் நிழல் விழும், திரையில் டியூப் பளிச்சென்று தெரியும்.

ஆகவே காசு செலவழிக்கும் முன் மேசையைத் திருப்புங்கள். ஜன்னல் பக்கவாட்டில் வரட்டும். எதிரே இருந்தால் கண் கூசும், பின்னால் இருந்தால் திரையில் பிரதிபலிக்கும். வலது கையால் எழுதுபவருக்கு இடப்பக்க ஜன்னலே வசதி. திரையை அணைத்துவிட்டு வழக்கம்போல் உட்காருங்கள். கறுத்த திரையில் விளக்கோ ஜன்னலோ தெரிகிறதென்றால் இன்னும் கொஞ்சம் திருப்ப வேண்டும்.

மேசைமேல் 300 முதல் 500 லக்ஸ் வெளிச்சம் வேண்டும். லக்ஸ் என்பது ஒரு பரப்பில் விழும் வெளிச்சத்தின் அளவு. போனில் லக்ஸ் மீட்டர் செயலியை இறக்கி, திரை மேல்நோக்கி இருக்க மேசையில் வைத்தால் தோராயமான கணக்கு கிடைக்கும். 100 லக்ஸ்தான் காட்டுகிறதா? 6 முதல் 9 வாட் எல்இடி மேசை விளக்கு ஒன்று போதும். பல்பு கண்ணுக்கு நேரே தெரியக் கூடாது. அறை விளக்கை அணைத்துவிட்டு இதை மட்டும் எரிய விடாதீர்கள். சுற்றிலும் இருட்டாக இருந்தால் கண் சீக்கிரம் களைத்துவிடும்.

டப்பாவில் 4000 கெல்வின் (ஒளியின் நிறத்தைச் சொல்லும் எண்; குறைந்தால் மஞ்சள், கூடினால் நீலம் கலந்த வெள்ளை), சிஆர்ஐ (பொருள்களின் நிறம் எவ்வளவு இயல்பாகத் தெரியும் என்பதன் அளவு) 80 அல்லது அதற்கு மேல் என்று இருக்கிறதா பாருங்கள். மலிவான பல்புகள் சில, 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் நொடிக்கு 100 முறை மினுங்கும். பார்வைக்குத் தெரியாத இந்த மினுக்கமே சிலருக்குத் தலைவலி தரும். போன் கேமராவை ஸ்லோ மோஷனில் வைத்துப் படமெடுங்கள். பட்டை பட்டையாக ஓடினாலோ துடித்தாலோ கடையில் மாற்றிக்கொள்ளுங்கள்.

விழித்திரையில் நீல ஒளியை உணர்ந்து, தூக்கத்துக்கான மெலடோனின் சுரப்பை அடக்கும் செல்கள் உண்டு. அதனால் பகலில் நிறைய வெளிச்சமும் இரவில் குறைந்த வெளிச்சமும் தூக்கத்துக்கு நல்லது. காலையில் அரை மணி நேரம் மொட்டை மாடியில் நில்லுங்கள். மேகமூட்டத்திலும் அங்கே ஆயிரக்கணக்கான லக்ஸ் கிடைக்கும். படுக்க 2 மணி நேரம் முன்பே 6500 கெல்வின் வெள்ளை டியூபை அணைத்து, 2700 கெல்வின் மஞ்சள் விளக்குக்கு மாறுங்கள்.

அமெரிக்க நேரத்துக்கு வேலை பார்ப்பவர்களுக்குக் கணக்கு தலைகீழ். ஷிப்ட்டின் முதல் பாதியில் நல்ல வெளிச்சம், கடைசி 2 மணி நேரம் மங்கலான மஞ்சள். படுக்கையறைக்குக் கனத்த திரைச்சீலை போட்டு, ஓரங்களில் கசியும் வெயிலையும் அடைத்துவிடுங்கள்.