பேறுகால விடுப்புப் பணத்தில் ஞாயிற்றுக்கிழமைகளை விட்டுவிடாதீர்கள்

என் மகள் பிறந்தபோது நிறுவனம் கொடுத்த பேறுகாலப் பணத்தில் 23,400 ரூபாய் குறைந்திருந்தது. அதைக் கண்டுபிடிக்கவே எனக்கு இரண்டு மாதம் ஆனது. அடுத்து விடுப்பில் போகும் தோழிகளுக்காக எழுதுகிறேன்.

1. முதலில் சம்பளச் சீட்டை எடுங்கள். இஎஸ்ஐ (தொழிலாளர் அரசுக் காப்பீடு) பிடித்தம் இருந்தால் பணம் இஎஸ்ஐ கழகத்திடமிருந்து வரும், அங்கே விண்ணப்பியுங்கள். பிடித்தம் இல்லாமல், பத்துப் பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் நிறுவனமாக இருந்தால் நிறுவனமே தர வேண்டும். நான் இரண்டாவது வகை.

2. இந்த இரண்டாவது வகையில், பிரசவத் தேதிக்கு முந்தைய 12 மாதத்தில் 80 நாள் வேலை செய்திருந்தால் 26 வார விடுப்பு உண்டு. அதில் அதிகபட்சம் 8 வாரத்தைப் பிரசவத்துக்கு முன்பே எடுக்கலாம். ஏற்கெனவே இரண்டு குழந்தைகள் இருந்தால் மொத்தமே 12 வாரம்தான்.

3. எந்தத் தேதியிலிருந்து வரமாட்டீர்கள் என்று எழுதிக் கொடுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்புவது எனக்குப் பிடிக்காது. மின்னஞ்சல் நல்லது, ஸ்பீடு போஸ்ட்டில், போய்ச் சேர்ந்ததற்கான சான்றோடு அனுப்பினால் இன்னும் நல்லது.

4. இனிதான் நான் தடுக்கி விழுந்த இடம். கடைசி மூன்று மாதத்தில் வேலை செய்த நாட்களின் சராசரிக் கூலிதான் அடிப்படை. எனக்கு அது நாளுக்கு 900 ரூபாய். கணக்கர் 26 வாரத்துக்கு, வாரம் ஆறு நாள் என்று 156 நாளுக்குப் போட்டிருந்தார். "ஞாயிறு வேலையே இல்லையேம்மா" என்றார். சரி என்று நானும் வந்துவிட்டேன்.

ஒருநாள் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு, சமையலறைச் சுவரில் தொங்கிய மாதக் காலண்டரில் விடுப்பு நாட்களைச் சிவப்புப் பேனாவால் எண்ணினேன். 182 வந்தது. வாரம் என்றால் ஏழு நாள்தானே!

இதற்குத் தீர்ப்பே இருக்கிறது. கோவைத் தொழிலாளர் நீதிமன்றத்தில் தொடங்கிய ஒரு தோட்டத் தொழிலாளியின் வழக்கு அது. அந்தப் பெண்ணுக்கு 12 வாரத்துக்கு 72 நாள் கூலிதான் கொடுத்திருந்தார்கள். 1977-ல் உச்ச நீதிமன்றம், ஞாயிற்றுக்கிழமைகளையும் சேர்த்தே தர வேண்டும் என்று சொல்லிவிட்டது. பன்னிரண்டு ஞாயிற்றுக்கிழமைக் கூலிக்காக அவர் டெல்லிவரை வழக்காடியதால்தான் எனக்கு 26 ஞாயிறு கிடைத்தது. அந்தத் தீர்ப்பைக் குறிப்பிட்டு ஒரே ஒரு கடிதம் எழுதினேன். மீதிப் பணம் வந்தது. மாதச் சம்பளக்காரர்களுக்கு இந்தச் சிக்கல் பெரும்பாலும் வராது. தினக்கூலி, பீஸ் ரேட்டில் இருப்பவர்கள் கண்டிப்பாக எண்ணிப் பாருங்கள்.

பின்சேர்க்கை: அப்பாக்களுக்கு என்ன உண்டு என்று பலர் கேட்டிருந்தீர்கள். மத்திய அரசு ஊழியர் என்றால் 15 நாள். தனியார் நிறுவனங்களைக் கட்டாயப்படுத்தும் சட்டம் இல்லை. நிறுவன விதியில் இருந்தால் உண்டு. என் கணவர் சொந்த விடுப்பில் ஒன்பது நாள் எடுத்தார். பத்தாம் நாள் காலை குழந்தையைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றவர், நெடுநேரம் செருப்பைப் போடவே இல்லை.

இன்னொன்று: நிறுவனம் இலவச மருத்துவ வசதி தராவிட்டால் 3,500 ரூபாய் மருத்துவ ஊக்கத்தொகை தர வேண்டும். அதே கடிதத்தில் அதையும் கேட்டுவிடுங்கள்.