வயர்லெஸ் கீபோர்டு மக்கர் செய்யும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

வயர்லெஸ் கீபோர்டு மக்கர் செய்தால் பலரும் முதலில் கை வைப்பது கம்ப்யூட்டரில்தான். டிரைவரை நீக்குவார்கள், அப்டேட் போடுவார்கள், பொறுமை போனால் விண்டோஸையே புதிதாக நிறுவிவிடுவார்கள். சாதாரண கீபோர்டை இயக்கத் தேவையானது விண்டோஸ், மேக், லினக்ஸ் எல்லாவற்றிலும் ஏற்கெனவே உள்ளேயே இருக்கிறது. அதனால் டிரைவர் மீது சந்தேகப்படுவதைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளலாம். பேட்டரி, டாங்கிள் (கீபோர்டின் சிக்னலை வாங்க யூஎஸ்பி போர்ட்டில் மாட்டும் சின்னத் துண்டு) செருகியிருக்கும் இடம், கை தவறி அழுத்திய ஏதாவது ஒரு ஷார்ட்கட், இந்த மூன்றையும் முதலில் பார்த்துவிடுங்கள்.

கோளாறு எந்தப் பக்கம் என்று தெரியாமலே வேலையை ஆரம்பிப்பதுதான் பெரிய தவறு. கீபோர்டை அதன் டாங்கிளோடு வேறொரு கம்ப்யூட்டரில் போட்டுப் பாருங்கள். புளூடூத் மாடல் என்றால் போனில் இணைத்துப் பார்த்தாலே போதும். அங்கே ஒழுங்காக வேலை செய்தால் கீபோர்டைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. மவுஸும் கீபோர்டும் ஒரே டாங்கிளில் ஓடும் செட் என்றால் இன்னும் சுலபம்: மவுஸ் நன்றாக ஓடி கீபோர்டு மட்டும் படுத்திருந்தால், டாங்கிளும் போர்ட்டும் சரியாகத்தான் இருக்கின்றன. பேட்டரியை மாற்றி, டாங்கிளை இடம் மாற்றி, ரீஸ்டார்ட்டும் செய்து எல்லாவற்றையும் ஒரே மூச்சில் முடித்தால், எதனால் சரியானது என்றே தெரியாது. அடுத்த முறை மறுபடி முதலிலிருந்து தேட வேண்டியிருக்கும்.

அடுத்து பேட்டரி. "விளக்கு எரிகிறதே, பேட்டரி நன்றாகத்தான் இருக்கிறது" என்பதை நம்ப வேண்டாம். அந்தச் சின்ன விளக்குக்கு ஆகும் மின்சாரம் மிகக் குறைவு. சிக்னல் அனுப்பும்போது ரேடியோ பகுதி சட்டென்று இழுக்கும் மின்சாரத்தைக் கொடுக்க முடியாமல் வலு குறைந்த பேட்டரி தடுமாறும். விளைவு, சில எழுத்துகள் விழாமல் போகும். சில சமயம் ஒரே எழுத்து 'கககககக' என்று ஓடிக்கொண்டே இருக்கும். விசை அழுத்தப்பட்ட செய்தி கம்ப்யூட்டருக்குப் போய், விரலை எடுத்த செய்தி வழியில் தொலைந்தால் இப்படித்தான் ஆகும். கம்ப்யூட்டரைப் பொறுத்தவரை நீங்கள் இன்னும் அழுத்திக்கொண்டே இருக்கிறீர்கள்!

பழைய பேட்டரி ஒன்று, புதியது ஒன்று என்று கலந்து போடாதீர்கள். சாதாரண ஆல்கலைன் 1.5 வோல்ட், ரீசார்ஜ் செய்யும் நிக்கல் வகை 1.2 வோல்ட். ரீசார்ஜ் வகையை முழு சார்ஜில் போட்டாலும் சில கீபோர்டுகள் 'பேட்டரி குறைவு' என்று காட்டும். அதைப் பார்த்துப் பயந்து புது பேட்டரி வாங்க வேண்டியதில்லை. மாதக்கணக்கில் பயன்படுத்தாத கீபோர்டில் பேட்டரியை விட்டு வைத்தால் அது கசிந்து, ஸ்பிரிங்கில் வெள்ளைப் பூஞ்சை போல உப்பு படியும். ஆல்கலைன் கசிவு காரத்தன்மை உள்ளது என்பதால், பஞ்சு முனையில் துளி எலுமிச்சைச் சாறு அல்லது வினிகர் தொட்டுத் துடைத்தால் போகும். வெறுங்கையால் தொடாதீர்கள். நன்றாகக் காய்ந்த பிறகே புது பேட்டரி.

இப்போது அதிகம் பேர் கவனிக்காத விஷயத்துக்கு வருவோம்: டாங்கிளின் பக்கத்து வீடு. வயர்லெஸ் கீபோர்டுகள் பெரும்பாலும் பயன்படுத்துவது 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை. புளூடூத்தும் அதில்தான், வைஃபையில் ஒரு பகுதியும் அதில்தான். அதோடு, யூஎஸ்பி 3.0 போர்ட்டும் கேபிளும் வேலை செய்யும்போது இதே அலைவரிசையில் இரைச்சலைக் கிளப்புகின்றன. இன்டெல் நிறுவனமே 2012-ல் இதை விளக்கி ஓர் ஆவணம் வெளியிட்டிருக்கிறது. எக்ஸ்டர்னல் ஹார்டு டிஸ்க்கைச் செருகி ஃபைல் காப்பி ஆரம்பித்ததும் கீபோர்டு திக்கித் திணறி, காப்பி முடிந்ததும் சரியாகிவிடுகிறதா? கீபோர்டில் குறை இல்லை. ஹார்டு டிஸ்க்கை ஒட்டி டாங்கிளைச் செருகியதுதான் குறை.

இதற்கு மருந்து ஒரு சாதாரண யூஎஸ்பி எக்ஸ்டென்ஷன் கேபிள். டாங்கிளை அதன் முனையில் மாட்டி, மேஜை மேல் கீபோர்டுக்குப் பக்கத்தில் கொண்டு வந்து வைத்துவிடுங்கள். கேபிள் இல்லாவிட்டால் யூஎஸ்பி 2.0 போர்ட்டுக்கு மாற்றிப் பாருங்கள். 3.0 போர்ட்டுகள் பெரும்பாலும் நீல நிறத்தில் இருக்கும், ஆனால் எல்லா நிறுவனங்களும் அதைப் பின்பற்றுவதில்லை. வேகம் குறையுமே என்று கவலைப்பட வேண்டாம், கீபோர்டு அனுப்பும் தகவலுக்கு 2.0-வே மிக அதிகம். சிபியு பெட்டியின் பின்பக்கம் டாங்கிளைச் செருகுவதும் நல்ல பழக்கமில்லை. நடுவில் முழுதாக ஓர் இரும்புப் பெட்டி நிற்கிறது.

டாங்கிள் தொலைந்தால் அதே போல இருக்கும் இன்னொன்றைப் போட்டுப் பார்ப்பது வீண் வேலை. விலை குறைந்த மாடல்களில் கீபோர்டையும் டாங்கிளையும் தொழிற்சாலையிலேயே ஜோடி சேர்த்துவிடுவார்கள், வேறொன்றோடு சேராது. லாஜிடெக்கின் யூனிஃபையிங் டாங்கிள் ஆறு சாதனங்கள் வரை ஏற்கும். ஆனால் அதே நிறுவனத்தின் போல்ட் வகைக் கீபோர்டு அதில் இணையாது.

புளூடூத்தில் நடக்கும் கூத்து வேறு. இணைப்பு அறுந்ததும் 'கனெக்ட்' பட்டனைத் திரும்பத் திரும்ப அழுத்திக்கொண்டிருப்பார்கள். பழைய பதிவைப் பட்டியலிலிருந்து முழுதாக நீக்கிவிட்டு, கீபோர்டின் பேரிங் (ஜோடி சேர்க்கும்) பட்டனை விளக்கு வேகமாக மின்னும் வரை அழுத்திப் பிடித்து, புதிதாகச் சேர்ப்பதே சரி. திரையில் எண் வந்தால், இணைக்கப்போகும் அந்தக் கீபோர்டிலேயே அதைத் தட்டி எண்டர் கொடுக்க வேண்டும். 1, 2, 3 என்று சாதனம் மாற்றும் விசை உள்ள மாடலில், விரல் பட்டு எண் மாறியிருக்கிறதா என்றும் பாருங்கள். நீங்கள் தட்டுவது எல்லாம் பக்கத்து டேப்லெட்டில் போய் விழுந்துகொண்டிருக்கலாம். அப்புறம், கம்ப்யூட்டர் ஆன் ஆகும்போது பயாஸுக்குள் (விண்டோஸ் தொடங்கும் முன் வரும் அடிப்படை செட்டிங்ஸ் திரை) நுழைய புளூடூத் கீபோர்டு பொதுவாக உதவாது. அதற்கு டாங்கிள் அல்லது வயர் கீபோர்டு வேண்டும்.

கீபோர்டு பழுது என்று முடிவு கட்டும் முன் செட்டிங்ஸையும் ஒரு முறை பாருங்கள். விண்டோஸில் வலது ஷிஃப்டை 8 விநாடி அழுத்திப் பிடித்தால் ஃபில்டர் கீஸ் பற்றிய கேள்வி வரும். யோசனையில் ஷிஃப்டில் விரலை வைத்துக்கொண்டே இருந்து, வந்த பெட்டிக்கு 'எஸ்' கொடுத்துவிட்டால், அன்றிலிருந்து லேசாகத் தட்டும் எழுத்து எதுவும் விழாது. ஒவ்வொரு விசையையும் அழுத்திப் பிடித்தால்தான் வரும். பேட்டரி மாற்றினாலும் தீராத இந்தத் தொல்லை, அக்ஸசிபிலிட்டி பகுதியில் அதை ஆஃப் செய்ததும் போய்விடும். பாஸ்வேர்டு ஏற்கவில்லை என்றால் கீபோர்டு மொழி தமிழ் 99-ல் நிற்கிறதா என்று பாருங்கள். பெட்டியில் புள்ளிகள்தானே தெரியும், மொழி மாறியது தெரியாது.

சிறிது நேரம் தொடாமல் இருந்தபின் முதல் எழுத்து மட்டும் விழாமல் போவது கோளாறு அல்ல. பேட்டரியை மிச்சப்படுத்தக் கீபோர்டு தூங்கிவிடுகிறது, முதல் தட்டலில் எழுந்துகொள்கிறது. கம்ப்யூட்டர் ஸ்லீப்பிலிருந்து எழுந்தபின் கீபோர்டு அறவே செத்துக் கிடந்தால் அது வேறு கதை. டிவைஸ் மேனேஜரில் யூஎஸ்பி ரூட் ஹப்பின் பவர் மேனேஜ்மென்ட் பகுதியில், மின்சாரம் மிச்சம் பிடிக்க அதை அணைக்க அனுமதிக்கும் டிக்கை எடுத்துவிடுங்கள்.

ஒரே ஒரு விசை மட்டும் வேலை செய்யாவிட்டால் இணைப்பைத் துண்டித்து மறுபடி சேர்ப்பதில் பலனில்லை. ரேடியோவில் கோளாறு என்றால் எல்லா விசையும்தான் பாதிக்கும். அடியில் தூசியோ, சிந்திய பானமோ, தேய்ந்த மெம்பிரேனோ (விசைகளுக்கு அடியில் இருக்கும் மெல்லிய தாள்) காரணமாக இருக்கும். எதுவும் சிந்திவிட்டால் "வேலை செய்கிறதா பார்க்கலாம்" என்று தட்டாமல், உடனே பேட்டரியைக் கழற்றி, கவிழ்த்து வைத்துக் காய விடுங்கள். ஹேர் டிரையரின் சூடு பிளாஸ்டிக்கை வளைத்துவிடும்.

இத்தனைக்கும் பிறகு டிரைவரை நீக்கித்தான் பார்க்க வேண்டும் என்றால், அதற்கு முன் விண்டோஸ் லாகின் திரையின் மூலையில் இருக்கும் அக்ஸசிபிலிட்டி ஐகான் வழியாக ஆன்-ஸ்கிரீன் கீபோர்டு திறக்கிறதா என்று பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். ரீஸ்டார்ட் ஆனதும் கீபோர்டு வராவிட்டால், மவுஸால் பாஸ்வேர்டைக் கிளிக் செய்து உள்ளே போக அதுதான் வழி.