புழுவின் வேகத்தில் டொபமினையும் செரட்டோனினையும் பிரித்தறியும் முறை

நரம்புக்கலங்கள் செய்தி கடத்தச் சுரக்கும் வேதிப்பொருள்களான டொபமினும் செரட்டோனினும் விலங்கின் அசைவை எவ்வாறு பங்கிட்டு ஆள்கின்றன என்பதைக் கண்ணாற் காண விரும்பும் இளமாணி மாணவருக்கு, எலியை விடச் செனோராப்டைட்டிஸ் எலிகன்ஸ் என்னும் ஒரு மில்லிமீற்றர் நீளப் புழுவே உகந்தது. அதன் இருபாலுயிரியில் உள்ள நரம்புக்கலங்கள் 302. அவற்றுள் டொபமினைச் சுரப்பவை 8 மட்டுமே.

கொழும்பில் முதலில் வெல்ல வேண்டியது வெப்பநிலையை. இப்புழுக்கள் வழமையாக 20 பாகை செல்சியஸில் வளர்க்கப்படுகின்றன. 25 பாகையைத் தாண்டினால் இனப்பெருக்கம் குன்றும். நமது அறைகளோ பகலில் 30 பாகையைத் தொடுகின்றன. குளிரூட்டும் வசதியுள்ள வளர்ப்புப் பெட்டி கிடைக்கும்வரை தொடங்காதிருப்பதே நலம். ஈரலிப்பினால், புழுக்கள் வளரும் கூழ்த்தளமான ஏகாரில் பூஞ்சணம் பிடிக்கும் என்பதால் கிண்ணங்களை நன்கு மூடி வையுங்கள்.

நன்கு உண்ட புழுக்களை உப்புக் கரைசலிற் கழுவி, ஒரு பகுதியைப் பற்றீரியாப் படலமுள்ள ஏகார் கிண்ணத்திலும் மறுபகுதியை வெறுங்கிண்ணத்திலும் விடுங்கள். வேறொரு தொகுதியை 30 நிமிடம் பட்டினியிட்ட பின்னர் அவ்வாறே பிரித்து விடுங்கள். 5 நிமிடம் கழித்து, நுணுக்குக்காட்டியின் கீழ், ஒவ்வொரு புழுவும் 20 விநாடிகளில் எத்தனை முறை உடலை வளைக்கிறது என எண்ணுங்கள். கிண்ணங்களுக்குக் குறியீடு இடுபவர் எண்ணுபவராக இருக்கக் கூடாது. எதிர்பார்ப்பு கண்ணை எளிதில் ஏமாற்றிவிடும்.

உண்ட புழு படலத்தில் சற்றே வேகம் குறையும். பட்டினிப் புழு அதைவிட மிகுதியாகக் குறையும். முன்னையதை டொபமினும் பின்னையதைச் செரட்டோனினும் நடத்துகின்றன என்பது 2000ஆம் ஆண்டு வெளியான ஆய்வின் முடிவு. உணவின் மணமோ சுவையோ இன்றி, நுண்மணிகளைப் பரப்பிய ஏகாரிலும் உண்ட புழு வேகம் குறைகிறது என்பதே அதில் என்னை மிகவும் கவர்ந்தது: டொபமின் நரம்புக்கலங்கள் பற்றீரியாவைத் தொட்டே உணர்கின்றன.

இதனை உறுதிப்படுத்த, டொபமினை ஆக்கும் நொதியம் பழுதான கற்-2 (cat-2) விகாரியையும் (மரபணு மாறிய புழுவையும்), செரட்டோனினை ஆக்க இயலாத டிபிஎச்-1 (tph-1) விகாரியையும் அதே நான்கு நிலைகளில் சோதியுங்கள். மருந்தைக் கரைத்து ஊற்றுவதை விட இவ்வழி தெளிவானது. வெளியிலிருந்து ஊற்றும் செரட்டோனின் முட்டையிடலையும் தூண்டுவதால் விளைவுகள் குழம்பும்.

இரண்டும் எப்போதும் ஒரே திசையில் இழுக்கும் என முடிவு கட்டிவிடாதீர்கள். நீந்துவதற்கும் ஊர்வதற்கும் இடையே மாறுகையில் டொபமின் ஊர்தலைத் தூண்ட, செரட்டோனின் நீந்தலைத் தூண்டுகிறது. முலையூட்டிகளுக்கும் இம்முடிவை அப்படியே நீட்டலாகாது. அங்கே டொபமின் குறைந்தால் அசைவே தடுமாறும்.

இயல்புப் புழுக்களிலேயே பட்டினியால் வேறுபாடு தோன்றாவிடின், விகாரிகளைத் தொடுமுன் அந்த இயல்புப் புழுக்களோடு பற்றீரியா ஒட்டி வந்ததா எனப் பார்த்து மீண்டும் கழுவுங்கள்.