கார் ஸ்டீரியோ: குறைந்த செலவில் நான் செய்த மாற்றம்

காரோடு வந்த ஸ்டீரியோவில் சத்தத்தைக் கூட்டினால் பாட்டு இரைச்சலாகிவிடும், கதவு கடகடவென்று அதிரும். கையில் இருந்த காசுக்கு முன்கதவு ஸ்பீக்கர் ஜோடியை மட்டும் மாற்றுவது என்று முடிவு செய்தேன். டாஷ்போர்டில் இருக்கும் செட்டை (பாட்டு போடும் பெட்டியை) மாற்றுவதைவிட இதில்தான் பலன் அதிகம்.

பெட்டியில் பெரிதாகப் போட்டிருக்கும் வாட்ஸை நம்பி வாங்காதீர்கள். கம்பெனி செட் ஒரு சேனலுக்கு, அதாவது ஒரு ஸ்பீக்கருக்கு, தொடர்ந்து தருவது பெரும்பாலும் 15–20 வாட்ஸ்தான். அதனால் 4 ஓம் (ஸ்பீக்கரின் மின்தடை), சென்சிட்டிவிட்டி (குறைந்த வாட்ஸிலேயே எவ்வளவு சத்தம் தரும் என்ற அளவு) 90 டெசிபலுக்கு மேல் என்று பார்த்து வாங்கினேன்.

ஆனால் முக்கியமான வேலை கதவில்தான். கதவின் உள்பக்க அட்டையைக் கழற்றினால் உள்தகட்டில் கை நுழையும் அளவுக்கு ஓட்டைகள். ஸ்பீக்கரில் முன்னும் பின்னும் அதிரும் கூம்புதான் கோன். அதன் முன்பக்க ஒலி அலையும் பின்பக்க அலையும் அந்த ஓட்டைகள் வழியே கலந்து ஒன்றையொன்று அழித்துவிடும். பேஸ் (கனமான அடிச்சத்தம்) காணாமல் போவது இதனால்தான். பியூட்டைல் ஷீட்டை (ஒட்டும் ரப்பர் தாள்) ரோலரால் அழுத்தி ஒட்டி ஓட்டைகளை அடைத்தேன். கண்ணாடி இறங்கும் வழியையும், அடியில் தண்ணீர் வடியும் துளைகளையும் மட்டும் தொடக் கூடாது. ஸ்பீக்கர் விளிம்பைச் சுற்றி ஃபோம் வளையம் ஒட்டினேன்.

அப்புறம் ஒயர். எந்த ஒயர் பிளஸ் என்று தெரிய, பழைய ஸ்பீக்கரைக் கழற்றி, அதன் இரண்டு முனைகளிலும் 1.5 வோல்ட் பேட்டரியை ஒரு நொடி தொட்டுப் பாருங்கள். கோன் வெளியே தள்ளினால், பேட்டரியின் பிளஸ் தொட்ட முனைதான் பிளஸ். அதில் இருந்த ஒயரும் பிளஸ். ஒரு பக்கம் மட்டும் மாறிப்போனால் பேஸ் செத்துவிடும்.

இப்போது டிரம்ஸ் அடி ஒவ்வொன்றும் தனியாகக் கேட்கிறது. அடுத்து காசு சேர்ந்தால் சின்ன ஆம்ப் (ஒலியைக் கூட்டும் ஆம்ப்ளிஃபையர்) ஒன்று போட வேண்டும்.